வலைக்குள் புழு

“அக்காவை என்கூட அனுப்பி வைங்கப்பா.”

சின்னவள் கேட்டுவிட்டாள். அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கிடைக்காது, ஆனால் கேட்கலாம். அக்காவை மட்டும் கேட்கக் கூடாது. அக்கா அப்போது அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் கொஞ்சம் நின்றது. பிறகு போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பா விழுங்கினார். அக்கா அவர் மோவாயைத் துடைத்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கேட்கக் கூடாது என்று சொன்னது அப்பா இல்லை. அக்காவேதான். சின்னவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு லாரி டிரைவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அக்காவைப் பெண் கேட்டு வந்தான். நல்ல மாதிரி. வந்த இடத்தில் ஃபேன் ஓடவில்லை என்று தானே ஸ்டூல் போட்டு ஏறி ஒயரைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் கஞ்சி போனபோது உதட்டைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. அம்மா பயந்துபோய் டிரைவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, இப்போதைக்குத் தோதுப்படாது என்று சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டு வந்த ஆள் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமல் சின்னவளிடம் சொன்னாள்: “இனிமே என்னை யாரும் அவர்கிட்ட கேக்கக் கூடாது. நீயும்தான். நாளைக்குப் படிச்சுக் கிழிச்சதும் நியாயம் பேசறேன்னு வந்து நிக்காதே.”

சின்னவள் சரி என்றாள். படித்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. படித்துக் கிழித்தாள். வந்து நின்றாள்.

வேறு ஊரில், தண்ணீர் பரிசோதிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வேலையோடு வீடும். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. மழைக்காலம் முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். தனியாகப் போகப் போவதில்லை என்று அந்தச் சேதி வந்த அன்றே அவள் மனதுக்குள் முடித்துவிட்டாள். அம்மாவிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள். அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். மத்தியானத்தோடு முடிகிற ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டால் அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாம். காலைக் கஞ்சிக்குப் பக்கத்து வீட்டில் சொல்லி வைக்கலாம். அம்மா ஊம் என்றாள். அவள் எதற்கும் ஊம்தான். சலவை மெஷின் சத்தத்தில் இத்தனை வருஷம் நின்றவளுக்கு அதற்கு மேல் பேச்சு வருவதில்லை.

அப்பா கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார். கடைசி வாயை விழுங்கிவிட்டு, தன்னை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் சின்னவளிடம் பதில் தயாராக இருந்தது. அவர் கேட்டது வேறு.

“தோட்டத்தை யாரு பாத்துக்கிறது, ஆபீசரம்மா?”

அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பூச்சிமருந்து அடிக்கிறவராக இருந்தவர். பூப்பண்ணையில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் பம்பை அடித்தபடி மறு கையால் குழாயை ஆட்டியபடி வரிசை வரிசையாக நடந்து பாதி ஆயுசைக் கழித்தவர். தெருவில் அவருக்கு இன்னும் ‘டேங்க்கு’ என்றுதான் பெயர். மூக்கில் துணி கட்டிக்கொள்கிறவனை அந்தக் காலத்தில் புதுப்பெண்ணே என்று கூப்பிடுவார்களாம். அவரும் கூப்பிட்டிருக்கிறார். இப்போது இரண்டு கையும் ஓயாமல் நடுங்கும். எந்த நெடி மூக்கில் பட்டாலும் நெஞ்சு அடைத்துக்கொண்டு கண் செருகிவிடும். வீட்டில் கொசுவர்த்தி கிடையாது, பினாயில் கிடையாது, சுவருக்குச் சுண்ணாம்புகூடக் கிடையாது.

அதனால் வீட்டின் பின்சுவருக்கும் தொழிற்சாலை மதிலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடந்த அந்தத் துண்டுத் தோட்டத்தில் மருந்தென்று ஒரு சொட்டு விழுந்ததில்லை. கத்தரி, மிளகாய், தக்காளி, மூன்று பாத்தி கீரை. தெருமுனை மெஸ்காரர் அன்றாடம் வந்து வாங்கிக்கொண்டு போவார். அப்பாவின் மாத்திரை அதிலிருந்துதான். மருந்து இல்லாத தோட்டத்தில் மருந்தின் வேலையை யாராவது செய்தாக வேண்டும். அக்கா செய்தாள்.

வெளிச்சம் வருவதற்கு முன்னால் சோப்புத் தண்ணீர் டப்பாவோடு இறங்குவாள். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பாள். புழுவென்றால் டப்பாவில். மாவுப்பூச்சியென்றால் பழைய பல் பிரஷ். அசுவினி மொய்த்திருந்தால் கட்டைவிரலால் ஒரே வழிப்பு. பிறகு அடுப்புச் சாம்பலை எடுத்து மஞ்சள் தூவுகிற மாதிரி தூவுவாள். சாயங்காலம் நத்தை. அவள் விரல் இடுக்கெல்லாம் பச்சைக் கறை; எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. சின்னவள் எத்தனையோ தடவை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்திருக்கிறாள்.

“அவ கை இல்லாம அங்க ஒரு இலை மிஞ்சாது,” என்றார் அப்பா. “மிஞ்சினா கூட்டிட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்லல.”

அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். சின்னவள் பிடித்துக்கொண்டாள். மழை முடிவதற்குள் அக்காவின் கை படாமலே தோட்டம் நிற்கும்படி செய்துகாட்டினால் அக்கா வரலாம். இதுதானே பேச்சு என்று திருப்பித் திருப்பிக் கேட்டு, அம்மாவைச் சாட்சியாக நிறுத்தி, அப்பாவைத் தலையாட்ட வைத்தாள். அவர் தலை எப்போதும் ஆடிக்கொண்டிருப்பதுதான். இருந்தாலும் ஆடியது ஆடியதுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். அக்கா கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

முதலில் சின்னவள் செய்தது முட்டாள்தனம். பூண்டு, பச்சை மிளகாய் இரண்டையும் அரைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டித் தெளித்தால் எந்தப் பூச்சியும் அண்டாது என்று எங்கேயோ படித்திருந்தாள். ரசாயனம் இல்லைதானே என்று அடுப்பில் ஏற்றினாள். கொதி வந்ததும் முன்னறையில் அப்பாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. அக்கா ஓடிவந்து பாத்திரத்தைத் தூக்கித் தெருச் சாக்கடையில் கொட்டினாள். திரும்பிப் போய் அவரைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்பா மூச்சு திரும்பியதும் சொன்ன முதல் வார்த்தை, “படிச்சவ கை மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது,” என்பது. அக்கா சிரித்துவிட்டாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் தெளிப்பதை விட்டாள். வாடையில்லாத வழிகளாகப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கிழிந்துபோனதென்று கழித்த கொசுவலைகளை அம்மா சலவைக்கூடத்திலிருந்து கொண்டுவந்தாள். சின்னவள் அவற்றை ஒட்டுப்போட்டுத் தைத்து, வளைத்த குச்சிகளின் மேல் போர்த்தி, மூன்று கீரைப் பாத்தியையும் மூடினாள். விளிம்பெல்லாம் செங்கல். எண்ணெய் வருகிற மஞ்சள் கேன்களை அறுத்துக் கவிழ்த்து, விளக்கெண்ணெய் பூசி, மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே குச்சியில் மாட்டினாள். வெள்ளை ஈ மஞ்சள் நிறத்தைக் கண்டால் வந்து ஒட்டிக்கொள்ளும். துடைத்துவிட்டு மறுபடி பூச வேண்டும், அவ்வளவுதான். தக்காளி நாற்றின் தண்டை வெட்டுகிற புழுவுக்கு, காகிதக் கப்பின் அடியை வெட்டியெடுத்து நாற்றைச் சுற்றி மண்ணில் புதைத்தாள். நத்தைக்கு நனைந்த சாக்கு: இரவில் போட்டால் காலையில் அதன் அடியில் அத்தனையும் குடியிருக்கும், ஒரே வாரலாக வாரிவிடலாம்.

மதிலோரம் தானாக முளைத்துத் தானாக வளர்ந்திருந்த ஆமணக்குகளை அக்கா எப்போதும் வெட்டிப் போடுவாள். வெட்ட வேண்டாம் என்றாள் சின்னவள். பச்சைப் புழுவின் தாய்ப்பூச்சிக்கு ஆமணக்கு இலை என்றால் உயிர். மற்றச் செடியை விட்டு அங்கேதான் முட்டையிடும். பழுப்புப் பஞ்சு மாதிரி இலையடியில் ஒட்டியிருக்கும். பொரித்த குஞ்சுகள் ஒன்றாகவே இருந்து இலையைச் சல்லடையாக அரித்திருக்கும். அந்த இலையை மட்டும் காம்போடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் ஒரு குடும்பமே முடிந்தது. வேலையிலிருந்து வந்து அம்மாவே செய்துவிடக்கூடிய வேலைதான்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாததும் இல்லை. அவள் நின்று பார்த்தாள், கேட்டபோது கயிறு பிடித்தாள், செங்கல் எடுத்துக் கொடுத்தாள். ஆமணக்கைப் பற்றிச் சொன்னபோது, “அதுக்குத் தலையெழுத்து,” என்றாள்.

“உன்னை மாதிரிதான்க்கா. மத்தவங்க தப்பிக்க ஒண்ணு நின்னு திங்கக் குடுக்கணும்.”

“அடப் போடி. அது செடி. டிகிரி வாங்கினா எதைப் பாத்தாலும் எதையாவது சொல்லணுமா? செங்கல்லை நேரா வை, காத்து தூக்கிடும்.”

வேலை செய்யும்போது சின்னவள் போகப் போகிற வீட்டைப் பற்றிப் பேசினாள். சாவி வாங்கும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். குழாய் உள்ளேயே வருகிறது, மழையில் நனைந்து தண்ணீர் பிடிக்க வேண்டாம். மேடை இடுப்புயரம், குனிய வேண்டாம். அடுப்பு வைக்க வலது பக்கம் இடம். ஜன்னலைத் திறந்தால் பெரிய மரம். பாத்திரம் கவிழ்க்கத் தனியாக அலமாரி. அக்கா ஊம் கொட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சில சமயம் கை வேலையை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆசைப்படுகிறாள் என்று சின்னவள் நினைத்தாள்.

மழை பெய்துகொண்டே இருந்தது. பெருமழை இல்லை. ஈரத்தை உலரவிடாத, நாள் முழுக்க முணுமுணுக்கிற மழை. அந்த மாதிரி மழையில்தான் பூச்சி பெருகும். ஆனால் தோட்டம் நின்றது. வலைக்கு அடியில் கீரை ஓட்டையில்லாமல் அகலமாக விரிந்தது. மஞ்சள் கேனில் ஈ கருப்பாக அப்பியிருந்தது. மெஸ்காரர் கீரைக் கட்டைத் தூக்கிப் பார்த்து, “என்ன, இஸ்திரி போட்டுக் குடுக்கிறீங்களா?” என்றார். அக்காவைத் தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம் என்று சின்னவள் தடுத்துவிட்டாள். கை படாமல் நிற்க வேண்டும் என்பதுதானே பேச்சு. அக்கா பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பாள். கை மடியில் கிடக்கும். என்ன செய்வது என்று அந்தக் கைக்கே தெரியாதது போல இருக்கும்.

ஒருநாள் அப்பா நாற்காலியைப் பின்வாசலுக்குப் போடச் சொல்லி வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, சரி, மழை முடியட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அன்று கஞ்சி கொஞ்சம் மிச்சம் வைத்தார். வாயை முழுக்க மூடவில்லை. கொஞ்சம்தான். ஜெயித்துவிட்டோம் என்று சின்னவளுக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

பிறகுதான் புழு வந்தது.

மெஸ்காரர் ஒரு காலை கீரைக் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட வந்த ஒருவரின் தட்டில் வெந்த புழு கிடந்திருக்கிறது. “சைவ மெஸ்ஸுன்னு போர்டு போட்டிருக்கேன். நீங்க கறியும் சேர்த்துக் கட்டிக் குடுத்தா நான் விலையை ஏத்த வேண்டாமா?” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று கீரை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

சின்னவள் வலையைத் தூக்கிப் பார்த்தாள். நடுப் பாத்தியில் பாதி இலை நரம்புதான் மிச்சம். புழுக்கள் விரல் பருமன். அவளுக்குப் புரியவில்லை. வலைக்குள் பூச்சி புகுந்து முட்டையிட்டிருந்தால் முதலில் பொடிப் புழு இருக்க வேண்டும். சல்லடை இலை இருக்க வேண்டும். இவை எடுத்த எடுப்பிலேயே வளர்ந்து நின்றன. வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடினாள். இரண்டு இடத்தில் தையல் விட்டிருந்தது, தைத்தாள். அத்தனை புழுவையும் பொறுக்கினாள். செங்கல்லை நெருக்கி அடுக்கினாள். இரண்டு நாள் கழித்து அடுத்த பாத்தியில் அதே பருமனில் அதே புழு.

அப்பா அரித்த இலை ஒன்றைக் கேட்டு வாங்கி, நடுங்கும் விரலால் ஓட்டை வழியே அவளைப் பார்த்தார். அன்று கஞ்சி முழுக்க உள்ளே போனது.

அவள் வலையை மறுபடி கழற்றிக் குடத்து நீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்றுகூடப் பார்த்தாள். தான் என்ன செய்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. வலையே ஓட்டைதானே, குமிழி வராமல் என்ன வரும்? படித்த படிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. மழை முடிய ஒரு வாரம் இருக்குமோ என்னவோ.

மறுநாள் விடியுமுன் எழுந்து பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். மழை விட்டிருந்தது. வெளிச்சம் வந்தும் வராமலும் இருந்தது. மதிலோரம் அக்கா நின்றிருந்தாள். கையில் டப்பா இல்லை. கிள்ளாமல் விட்டதில் புழு பெருத்திருந்த ஆமணக்கு இலையொன்றைக் காம்போடு கிள்ளினாள். இலையை ஒரு தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்து வந்தாள். கீரைப் பாத்தியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு செங்கல்லை நகர்த்தினாள், வலையைத் தூக்கினாள், இலையை உள்ளே வைத்து விரலால் தட்டினாள். புழுக்கள் கீரைமேல் உதிர்ந்தன. வெறும் இலையை வெளியே எடுத்துச் சுருட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். செங்கல்லை முன்பிருந்த அதே இடத்தில், அதே கோணத்தில் திருப்பி வைத்தாள்.

எழுந்தபோது தங்கையைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

“வெறுங்காலோட நிக்காதே, ஈரம்,” என்றாள்.

“ஏன்க்கா?”

“சளி பிடிக்கும்.”

“ஏன் இப்படிப் பண்ணினன்னு கேக்கறேன்.”

அக்கா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “இப்பதான் முதல் தடவையா என்கிட்ட ஒண்ணு கேக்கற.”

சின்னவள் படியிறங்கிப் பாத்தியருகே வந்தாள்.

“அப்பாகிட்ட கேட்ட. அம்மாகிட்ட கேட்ட. நாள் விட்டு நாள் காய் எடுத்துக்கறீங்களான்னு மெஸ்காரர்கிட்டகூட கேட்டு வச்ச. பக்கத்து வீட்டுல கஞ்சிக்குச் சொல்லி வச்ச. என்கிட்ட எப்ப கேட்ட?”

“உனக்காகத்தானே எல்லாம்…”

“அந்த டிரைவரும் எனக்காகத்தான் வந்தாரு. அவங்கம்மா என்னைத் திரும்பி நில்லுன்னு சொல்லிப் பாத்தாங்க. அப்பாகிட்ட கேட்டாங்க, அம்மாகிட்ட கேட்டாங்க. ஃபேனுக்கு என்ன ஆச்சுன்னுகூட அவரு கேட்டாரு. எனக்கு இஷ்டமான்னு ஒருத்தரும் கேக்கல. அப்பா சாப்பிடாம கிடந்ததுக்கு எல்லாரும் அவரைத் திட்டினீங்க. எனக்கு அன்னிக்கு நிம்மதியா இருந்துச்சு. அது உனக்குத் தெரியுமா?”

தெரியாது. இத்தனை வருஷம் அந்த டிரைவருக்காக அப்பாமேல் வைத்திருந்த கோபம் ஒன்று சின்னவளிடம் இருந்தது. நன்றாகப் பழகிய கோபம். அதை இப்போது எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அது வேற, இது வேற,” என்றாள். “அங்க வந்து நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இரு. ஓய்வா இரு.”

“எந்த ரூம்ல?”

“என்ன?”

“ரெண்டு ரூம்னு சொன்ன. என் ரூம் எப்படி இருக்கும்? ஜன்னல் எந்தப் பக்கம்?”

அந்த அறையைச் சின்னவள் எட்டிப் பார்த்திருந்தாள். ஜன்னல் இருந்ததா இல்லையா என்று நினைவுக்கு வரவில்லை.

“அடுப்பு வலது பக்கம்னு சொன்ன,” என்றாள் அக்கா. “குழாய் உள்ளயே வரும்னு சொன்ன. குனிய வேண்டாம்னு சொன்ன. இத்தனை நாளா அந்த வீட்டுல நீ எனக்குக் காட்டினது சமையல்கட்டு ஒண்ணுதான். சாயங்காலம் நீ வேலை விட்டு வருவ. தட்டு வைப்பேன். இங்க அவருக்கு, அங்க உனக்கு. ஊட்ட வேண்டாம், அது ஒண்ணு மிச்சம்.”

குரல் உயரவில்லை. திட்டுகிற தொனியும் இல்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். சின்னவளுக்கு அந்தச் சாயங்காலம் கண்ணில் தெரிந்தது. உண்மைதான். எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறாள். கதவைத் திறக்கிறாள், வீட்டுக்குள் சூடான வாசனை வருகிறது, அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். அதற்குப் பெயர் விடுதலை என்று வைத்திருந்தாள்.

“வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்க்கா. புழுவைக் கொண்டுவந்தா போடணும்?”

“சொன்னா விடுவியா? நீ மேடை போட்டுப் பேசுவ. பேசிப் பேசி என்னை ஆமான்னு சொல்ல வச்சிருப்ப. எனக்கு உன் அளவுக்குப் பேச வராது. கை வேலைதான் வரும்.”

“அப்ப இங்கயே கிடந்து சாவப் போறியா?”

“எனக்குப் போகணும்னா போவேன். காலு என்னுது. நீ வாங்கிக் குடுக்க வேண்டாம்.”

“எப்ப?”

“அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போகணுமா?”

அக்கா படியோரம் இருந்த டப்பாவை எடுத்து வந்து, வலையை முழுக்கத் தூக்கி, தான் போட்ட புழுக்களைத் தானே பொறுக்க ஆரம்பித்தாள். எந்த இலையில் எத்தனை விழுந்தது என்று தெரிந்தவள் போல விரல் நேராக அங்கங்கே போனது. சின்னவளும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பாத்தியின் நடுவில் வந்து சந்திக்கும்வரை பொறுக்கினார்கள். புழு சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் நெளிந்துவிட்டு நீட்டி நிமிர்ந்தது.

அப்பா எழுந்ததும் சின்னவள் போய் எதிரில் நின்றாள்.

“நான் செஞ்சது சரிப்பட்டு வரலப்பா. வலை நிக்கல. தோட்டம் அக்கா இல்லாம ஆகாது.”

அப்பாவின் முகத்தில் ஜெயித்த களை வரும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “மண்ணு வேற, புஸ்தகம் வேற,” என்றார். “பரவால்ல. முயற்சி பண்ணின.” பரவாயில்லை என்று அவர் சொன்னதுதான் தாங்கவில்லை. நின்று வாங்கிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் ஒரு வாதத்தில் வேண்டுமென்றே தோற்றது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அம்மா வந்து முகம் கழுவும்போது சின்னவள் அதையே அம்மாவிடமும் சொன்னாள். அம்மா துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள், துடைத்து முடித்துவிட்டுப் பேசினாள்.

“ஆஸ்பத்திரித் துணியில கறையைப் பாத்தா அது எதனால வந்ததுன்னு சொல்லிடுவேன். கீரையில அந்தப் பருமன் புழு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

“யாருக்காகச் சொல்றது? நீ கூட்டிட்டுப் போகணுங்கற, அவரு விட மாட்டேங்கறாரு. அவ எந்தப் பக்கம்னு அவ கையே காட்டிடுச்சு. நடுவுல நான் எதுக்கு?” துண்டைக் கொடியில் போட்டாள். “எனக்கும் ஷிப்டு மாத்தாம இருந்தா நல்லதுதான்னு தோணுச்சு. அதையும் சொல்லிடறேன்.”

சின்னவளுக்கு எல்லோர்மேலும் கோபம் வர வேண்டும். இடம் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. யாருமே பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் எல்லாரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மழை முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. வேலை கிடைத்த பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்து, முன்னதாகவே வந்து சேர்கிறேன் என்றாள். வரலாம் என்றார்கள். கிளம்புகிற அன்று காலை அம்மா வேலைக்குப் போகும்போதே தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். அப்பா, போனதும் போன் பண்ணு என்றார். வேலையோடு கொடுத்த வீட்டில் ஒரு அறையைச் சும்மா பூட்டி வைக்காதே, ஆள் பார்த்து வாடகைக்கு விடு என்றும் சொன்னார். அவர் மூளை எப்போதும் நேராகத்தான் ஓடும்.

பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அக்கா பின்னாலேயே வந்தாள். கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர்.

“வழியில சாப்பிடு. ராத்திரிக்கும் இருக்கு. போய் இறங்கின உடனே எங்க போய்த் தேடுவ?”

“வேண்டாம்க்கா.”

“கோவமா?”

“இல்ல.”

“பின்ன?”

“நான் பாத்துக்கறேன்.”

அக்கா நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. சின்னவள் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பாத்திக்கரையில் புழு பொறுக்கிக்கொண்டிருந்த அன்றே அவள் முடிவுசெய்துவிட்டாள்: இனி அக்காவின் இந்தக் கையால் சாப்பிடுவதில்லை. கோபமென்றால் சுலபமாக இருந்திருக்கும். நாலு நாளில் தணிந்துவிடும். இது அப்படித் தணிகிற விஷயம் இல்லை. அவளுக்குச் சோறு வடிக்கத் தெரியாது. இந்த வயதில், இந்தப் படிப்பில், ஒரு முட்டையை உரிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ புரிந்ததா, புரியவில்லையா என்று சொல்ல முடியாது. அந்த முகத்தைப் படிக்க இந்தத் தங்கை எப்போது கற்றுக்கொண்டாள்?

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். கஞ்சி நேரம்.

“வரேன், இருங்க,” என்றாள் அக்கா. உள்ளே போகவில்லை.

சின்னவள் படியிறங்கி, வெளிக் கேட்டைத் திறந்து, தாழ்ப்பாளைப் போடத் திரும்பினாள். அந்தத் தாழ்ப்பாளைத் திரும்பி நின்றுதான் போட முடியும். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்துவிட்டிருந்தாள். மேலடுக்கை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை நின்றுகொண்டே விழுங்கும் அவள், சுடச்சுட ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அப்பா இன்னொரு தடவை கூப்பிட்டார். அக்கா மென்றுகொண்டிருந்தாள்.

சின்னவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அப்போதே பசித்தது.